ஸ்விட்ச் போச்சு என்று சொல்வதற்கு முன்: பழுதைக் கண்டுபிடித்து மாற்ற ஒரு முழு வழிகாட்டி

இடி மழை பெய்த மறுநாள் காலையில் நெல்லைப் பக்கம் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களின் போன் சும்மா இருக்காது. சித்திரை, வைகாசிக் கோடை மழையானாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையானாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, ஸ்விட்ச் போச்சு, புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்திரு." விளக்கு போடும் ஸ்விட்ச் இல்லை, கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச். போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஸ்விட்ச் குத்துக்கல்லாட்டம் இருக்கும். அடாப்டர் போயிருக்கும், இல்லையென்றால் எலி கேபிளைக் கடித்திருக்கும். நிஜமாகவே ஸ்விட்சில்தான் கோளாறு என்றாலும் அது முழுசாகப் போவது குறைவு; பவர் சப்ளை, ஃபேன், கேபிள் செருகும் நாலைந்து போர்ட், ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிளைச் செருகும் எஸ்.எஃப்.பி மாட்யூல் என்று ஏதோ ஒரு பாகம்தான் போயிருக்கும். எது போனது, எதை மாற்றலாம், எதோடு மல்லுக்கட்டாமல் புதிது வாங்கிவிட வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே விஷயம்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. மல்டிமீட்டர், நல்லதென்று உறுதியாகத் தெரிந்த இரண்டு பேட்ச் கார்டு (சின்ன நெட்வொர்க் கேபிள்), இரண்டு லேப்டாப், நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, ஸ்விட்சின் செட்டிங்குக்குள் லேப்டாப்பிலிருந்து நுழைய கன்சோல் கேபிள், ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், மாஸ்கிங் டேப், மார்க்கர். கெப்பாசிட்டர் மாற்றுகிற துணிச்சல் இருந்தால் சால்டரிங் அயர்னும் ஈயம் உறிஞ்சும் பம்ப்பும்.

முதலில் கேளுங்கள், அப்புறம் தொடுங்கள்

"அண்ணாச்சி, எல்லா கம்ப்யூட்டர்லயும் நெட் இல்லையா, பில் போடுற கம்ப்யூட்டர்ல மட்டும்தானா?" இந்த ஒரு கேள்வியிலேயே வேலை பாதி குறைந்துவிடும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றால் சந்தேகம் கேபிள் மேலும் அந்தப் போர்ட் மேலும் விழும். எல்லாமே என்றால் கரண்ட், அல்லது லூப் (ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்சில் மாட்டி, டேட்டா சுற்றிச் சுற்றி வருவது). வரிசையாக நாலு, எட்டு என்று பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டுகள் மட்டும் என்றால், அது உள்ளே ஒரு சிப் போனதற்கு அடையாளம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, எப்போது நடக்கிறது என்று கேளுங்கள். மோட்டார் ஓடும்போதா, மத்தியான வெயிலிலா, கரண்ட் போய் வந்த பிறகா, பொழுது சாய்ந்ததுமா? கேமரா மாட்டின இடங்களில் "சாயங்காலம் ஆறு மணியானா கேமரா ஒவ்வொண்ணா நின்னுருது" என்பார்கள். அதைப் பேய் பிசாசு ரேஞ்சுக்குப் பேசுகிறவர்களும் உண்டு. இருட்டினதும் கேமராக்கள் இருட்டில் பார்ப்பதற்கான ஐ.ஆர் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், ஒவ்வொன்றும் கூடுதலாகச் சில வாட் இழுக்கும், கேபிள் வழியாகக் கரண்ட் தருகிற பி.ஓ.இ ஸ்விட்சின் மொத்த வாட் கணக்கு தாண்டும், உடனே அது சில போர்ட்டுகளுக்குக் கரண்டை நிறுத்திவிடும். பழுது எதுவும் இல்லை, கணக்குதான் தப்பு. ஸ்விட்சின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மொத்த பி.ஓ.இ வாட் போட்டிருக்கும். கேமராக்கள் இரவில் இழுப்பதைக் கூட்டி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பி.ஓ.இ தரம் 802.3ஏ.எஃப் என்றால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 802.3ஏ.டி என்றால் 30 வாட் வரை. ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து அந்த அளவு கிடைக்கும் என்று எந்த மலிவு ஸ்விட்சும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஸ்விட்சை வெறுமையாக்கிப் பாருங்கள்

கேபிள்களைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் டேப் ஒட்டி போர்ட் நம்பரை எழுதுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள் பிறகு ஸ்விட்ச் மாட்டும் ரேக் முன்னால் உட்கார்ந்து முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு ஸ்விட்சுக்குக் கரண்ட் மட்டும் கொடுங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை மின்னி அடங்கி, பவர் விளக்கு நிலையாக எரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. இரண்டு லேப்டாப்பையும் நல்ல பேட்ச் கார்டால் முதல் இரண்டு போர்ட்டில் மாட்டி, கையால் ஐ.பி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். ஒரு லேப்டாப்பை முதல் போர்ட்டிலேயே விட்டு, மற்றதை ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிக்கொண்டே போங்கள். எல்லாப் போர்ட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னால் ஸ்விட்ச் நல்லது, கோளாறு வெளியே இருக்கிறது.

அப்புறம் கழற்றின கேபிள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஏதோ ஒன்றை மாட்டினதும் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னி, பிங் நின்றுபோனால், அது லூப். யாரோ தரையில் கிடந்த கேபிள் முனையை "கழண்டு கெடக்கே" என்று இரக்கப்பட்டு அதே ஸ்விட்சிலேயே செருகியிருப்பார்கள். பள்ளிக்கூட லேப்களில் இது சகஜம்.

ஒரு போர்ட் மட்டும் மக்கர் பண்ணினால்

கேபிளை பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். கோளாறு கேபிளோடு கூடவே போனால் கேபிள். பழைய போர்ட்டிலேயே தங்கினால் போர்ட். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வேகத்தையும் கவனிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஜிகாபிட் (1000 எம்பி) ஓடுவதற்கு கேபிளில் உள்ள நாலு ஜோடி வயரும் வேண்டும், 100 எம்பிக்கு 1, 2, 3, 6 என்ற இரண்டு ஜோடி போதும். அதனால் ஆயிரத்தில் ஓட வேண்டிய லிங்க் திடீரென்று நூறில் நின்றால், மீதி இரண்டு ஜோடியில் ஏதோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கிரிம்ப் சரியில்லாத முனையாக இருக்கலாம், செம்பு பூசின அலுமினிய வயர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டதாக இருக்கலாம், போர்ட்டுக்குள் ஒரு பின் வளைந்தோ பச்சை பூத்தோ இருக்கலாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு இந்தப் பச்சை சீக்கிரமே வந்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வைத்துத் துடைத்தால் பல போர்ட் திரும்ப வேலை செய்யும்.

மேனேஜ்டு (உள்ளே போய் செட்டிங் மாற்றக்கூடிய) ஸ்விட்ச் என்றால் கன்சோலில் உள்ளே போய் அந்தப் போர்ட்டின் கணக்கைப் பாருங்கள். கன்சோல் பெரும்பாலும் 9600 வேகத்தில் பேசும், சில புதிய மாடல்கள் 115200. சிஸ்கோ வகை என்றால் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' போட்டு சி.ஆர்.சி (வழியில் கெட்டுப்போய் வந்த டேட்டாவின் கணக்கு) எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றிவிட்டு, எண்ணை அழித்துவிட்டு, சற்று நேரம் கழித்துப் பாருங்கள். நல்ல கேபிளிலும் சி.ஆர்.சி ஏறிக்கொண்டே போனால் போர்ட்டைச் சந்தேகிக்கலாம், ஆனால் எதிர்முனைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு முனையில் ஆட்டோ (தானே பேசி முடிவு செய்வது), மறுமுனையில் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று கட்டி வைத்திருந்தாலும் இதே மாதிரி எண் ஏறும்.

இடி விழுந்த பிறகு போர்ட் செத்ததா என்று பார்க்க மல்டிமீட்டரே போதும். ஸ்விட்சின் கரண்டை எடுத்துவிட்டு, ஒரு பழைய பேட்ச் கார்டின் ஒரு முனையை வெட்டி எட்டு வயரையும் உரித்து, மறுமுனையைப் போர்ட்டில் செருகுங்கள். 1க்கும் 2க்கும், 3க்கும் 6க்கும், 4க்கும் 5க்கும், 7க்கும் 8க்கும் நடுவில் ஓம் அளவு பாருங்கள். ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னாலும் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்று இருக்கிறது, அது ஓரிரண்டு ஓம் அளவில்தான் காட்ட வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் முடிவில்லாத் தடை காட்டினால் அந்தச் சுற்று எரிந்துவிட்டது. நல்ல போர்ட் ஒன்றையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுற்று நல்லதாக இருந்தும் போர்ட் செத்துக் கிடந்தால் அதற்குப் பின்னால் உள்ள சிப் போயிருக்கும். ஒரே சிப் நாலு போர்ட்டுக்கோ எட்டு போர்ட்டுக்கோ வேலை செய்வதால்தான் 1 முதல் 4 வரை, 9 முதல் 16 வரை என்று கும்பலாகச் சாகிறது. இதை நம் மேஜையில் மாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். செத்த போர்ட்டுகளை டேப் ஒட்டி மூடிவிட்டு மீதியை வைத்து ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் இடி வாங்கின சர்க்யூட் போர்டு பிறகு எப்போது வேண்டுமானாலும் படுக்கும். பில் கவுண்டர், ஏ.டி.எம், ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் வைக்காதீர்கள்.

பவர்: அதிகம் போவது இதுதான்

சின்ன ஸ்விட்ச் என்றால் அடாப்டரில் ஆரம்பியுங்கள். சும்மா அளந்தால் சரியான வோல்ட் காட்டும், அதை நம்பக் கூடாது. ஸ்விட்சில் மாட்டி ஓடும்போது அளக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் வெறுமையில் 12.2 காட்டிவிட்டு, ஸ்விட்சை மாட்டினதும் 8க்கும் 10க்கும் நடுவில் ஆடினால் அடாப்டர் முடிந்தது. மாற்றுகிறபோது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், ஜாக்கின் நடு முனை ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்று லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள். 5 வோல்ட் ஸ்விட்சில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிப் புகைய விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஜாக் ஒன்றாகவே இருப்பதுதான் வினை.

ரேக் ஸ்விட்சில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். அறிகுறிகள் தெளிவானவை: விளக்கெல்லாம் சேர்ந்து மின்னி மின்னி அணைவது, தானே ரீஸ்டார்ட் ஆவது, கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்க மறுப்பது. பலமுறை ஆஃப், ஆன் செய்தால் எழுந்துவிடுகிறது, ஒருமுறை எழுந்துவிட்டால் நாளெல்லாம் ஓடுகிறது என்றால் அநேகமாக கெப்பாசிட்டர். வயதான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள் தடை கூடிப்போயிருக்கும், சூடானால் அது குறையும், அதனால்தான் அந்த நாடகம். மூடியைத் திறந்து ஹேர் டிரையரால் அந்தப் பகுதியை லேசாகச் சூடாக்கி ஆன் செய்து பார்க்கிறவர்கள் உண்டு, எழுந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மூடியைத் திறக்கும் முன் இரண்டு விஷயம். வாரன்டி இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்துப் பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூவையே தொடாதீர்கள். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. 230 வோல்ட் ஏசி உள்ளே போய் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேதான் இருக்கும். நாலைந்து நிமிடம் விட்டு, மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் அளவில் வைத்து அதன் இரு காலிலும் அளந்து, சில வோல்ட்டுக்குள் இறங்கியிருந்தால் மட்டும் கை வையுங்கள். இறங்கவில்லையென்றால் ஒரு 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிளேயரால் பிடித்து இரு காலுக்கும் நடுவில் வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணுவது வேண்டாம்.

உள்ளே பார்த்தால் நம்ம ஊர் ஸ்விட்ச்களில் என்னென்னவோ கிடக்கும். சித்தெறும்பு மண் கொண்டுவந்து புற்று கட்டியிருக்கும், சூட்டுக்குப் பல்லி முட்டை போட்டிருக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் திறந்த ஸ்விட்சில் உமித்தூசி பவர் சப்ளை மேல் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது, அதைப் பிரஷால் தள்ளின பிறகு, பெரிய கெப்பாசிட்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது, வால் மட்டும் எரியாமல். ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். அதே அளவு ஃபியூஸ் போட்டு, கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெளியே ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்தோம். இந்தப் பல்பு வித்தை பழைய டிவி மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருப்பது: உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், வேறெதுவும் வெடிக்காது, இல்லையென்றால் ஒரு மின்னல் மின்னி மங்கிவிடும்.

கெப்பாசிட்டரைப் பொறுத்தவரை, தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வோல்ட் கொடுக்கிற பக்கத்தில் உள்ளவைதான் முதலில் போகும், 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் மாதிரி. வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ ஒரு படி மேலோ, 105 டிகிரி, 'லோ ஈ.எஸ்.ஆர்' (உள் தடை குறைந்த) வகை, உயரமும் குண்டும் இடத்தில் அடங்க வேண்டும். டிவி, ஆம்ப்ளிஃபயர் உதிரி விற்கிற கடைகளில் சாதாரணக் கெப்பாசிட்டர் கிடைக்கும், 'லோ ஈ.எஸ்.ஆர்' வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வரவழையுங்கள். கெப்பாசிட்டரின் மேல் கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் அச்சிட்டிருக்கும் குறியை மட்டும் நம்பாமல், பழையது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுங்கள். மைனஸ் கால் பெரிய செம்புப் பரப்பில் ஒட்டியிருப்பதால் ஈயம் சீக்கிரம் இளகாது. கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் இளகிவிடும், பிடித்து இழுத்து போர்டின் தடத்தைப் பிய்க்காதீர்கள். ஒன்று உப்பியிருந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

பெரிய ஸ்விட்ச்களில் பவர் சப்ளை பின்னாலிருந்து உருவும் வகையாக இருக்கும். இரண்டு இருந்தால் ஓடும்போதே ஒன்றை மாற்றலாம். செத்தது எது என்று விளக்கைப் பார்த்தும் 'ஷோ என்விரான்மென்ட்' போட்டும் இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு, முதலில் அதன் கரண்ட் வயரைக் கழற்றி, அப்புறம் உருவுங்கள். நல்லதை உருவிவிட்டால் கதை கந்தல்.

ஃபேன்

கரகர சத்தம் வந்தாலோ சத்தமே இல்லாமல் போனாலோ ஃபேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மண்ணை வாரி அடிக்கும்போது ஃபேன் எல்லாம் சீக்கிரம் அடைத்துவிடும். பெரும்பாலும் 40 மில்லிமீட்டர், 12 வோல்ட். வாங்கும்போது கனம் 20 மில்லிமீட்டரா 28ஆ, மூன்று வயரா நாலு வயரா, ஆம்பியர் எவ்வளவு என்று பழைய ஃபேனின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது வயர் ஃபேன் எவ்வளவு வேகம் சுற்றுகிறது என்று ஸ்விட்சுக்குச் சொல்வது. சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று வேகம் குறைந்த ஃபேனைப் போட்டால் ஸ்விட்ச் அதைச் செத்த ஃபேன் என்று நினைத்து அலாரம் அடிக்கும். கனெக்டர் ஒன்றாக இருந்தாலும் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தைப் பார்த்து மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பழையது எந்தத் திசையில் தள்ளியதோ அதே திசை.

ஃபேன் போனதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டால் அடுத்துப் போவது கெப்பாசிட்டர்தான். சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல் ஸ்விட்சை வைத்திருப்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்க்கட்டும்.

ஃபைபர் பக்கம்

எஸ்.எஃப்.பி விளக்கு எரியவில்லையென்றால் முதலில் ஃபைபரின் இரு காலையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒற்றை இழை வகையானால் ஒரு முனையில் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பி 1550ல் வாங்குவது, மறுமுனையில் அதற்கு நேர்மாறானது இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வகையைப் போட்டுவிட்டு ஸ்விட்சைத் திட்டுவது வழக்கம். மேனேஜ்டு ஸ்விட்சில் வாங்கும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். மைனஸ் 40 டி.பி.எம் அளவில் காட்டினால் ஒளியே வரவில்லை. முனையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், தூசிதான் பாதிப் பிரச்சினை. ஃபைபர் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

முழு ஸ்விட்சையே மாற்றும்போது

பழையது இன்னும் எழுகிறதென்றால் ஓடும்போதே கான்ஃபிக்கை (அதில் செய்து வைத்த செட்டிங் எல்லாம்) எடுத்துவிடுங்கள், லேப்டாப்பில் ஃபைலை வாங்கிக்கொள்ள ஒரு டி.எஃப்.டி.பி சர்வர் போதும், அதுவும் முடியாவிட்டால் திரையில் வருவதை காப்பி செய்து வையுங்கள். புதியதில் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பதிப்பைப் பார்த்துவிட்டு கான்ஃபிக்கை ஏற்றி, மேஜையிலேயே சோதித்துவிட்டு ரேக்குக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாம் கை ஸ்விட்ச் வாங்கி மாட்டுகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். சிஸ்கோவில் விடிபி என்று ஒன்று உண்டு, விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவாகப் பிரிப்பது) பட்டியலை ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் பரப்புவது. பழைய ஸ்விட்சில் அதே டொமைன் பெயரும் பெரிய ரிவிஷன் எண்ணும் (பட்டியல் எத்தனை முறை மாறியது என்ற கணக்கு) இருந்தால், மாட்டின மறுநொடி அது தன் விலேன் பட்டியலை மற்ற எல்லா ஸ்விட்சுக்கும் திணித்துவிடும், கட்டிடமே நின்றுபோகும். மாட்டும் முன் டிரான்ஸ்பரன்ட் மோடில் போடுங்கள், எண் பூஜ்யமாகிவிடும். இன்னொன்று, ஸ்பேனிங் ட்ரீயில் (லூப் வராமல் தடுக்கும் ஏற்பாடு) யாருமே முன்னுரிமை எண் வைக்காமல் விட்டிருந்தால் மேக் அட்ரஸ் (கம்பெனியிலேயே பதித்து வரும் அடையாள எண்) சின்னதாக உள்ள ஸ்விட்ச்தான் ரூட் ஆகும், மூலையில் மாட்டின பழைய ஸ்விட்ச் தலைவனாகி டிராஃபிக் எல்லாம் அதன் வழியே சுற்றும். நடு ஸ்விட்சுக்கு முன்னுரிமை எண்ணைக் கையாலேயே குறைத்து வையுங்கள்.

ஏன் போச்சு என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்

ப்ளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 80, 100 என்று தள்ளாடினால் அங்கே எர்த்தே இல்லை, பெயருக்கு ஓட்டை மட்டும் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்த பிறகுதான் சர்ஜ் புரொடெக்டர் எதற்காவது பிரயோஜனம்.

இடியில் போர்ட் போகிற இடங்களில் அநேகமாக ஒரு செம்புக் கேபிள் வெட்டவெளியில் போகும்: மாடியில் கேமரா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் குடோன், தோப்பில் மோட்டார் ரூம். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதை ஃபைபராக மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) போட்டாலும் சரி. ஃபைபரைத் தாங்க அதோடு சேர்ந்து வருகிற இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியேயே வெட்டிக் கட்டுங்கள், அதை ரேக் வரை இழுத்துக்கொண்டு வந்தால் இடிக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணி ஏறி வந்தபோது தரைமட்ட ரேக்கெல்லாம் முங்கின. தண்ணீரில் முங்கினதை ஆன் செய்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள். விலை உயர்ந்ததென்றால் கழற்றி நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அலசி, சில நாள் காற்றோட்டத்தில் காயவிட்டு, பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்யலாம். எட்டு போர்ட் ஸ்விட்சுக்கு அந்தப் பாடு தேவையில்லை. புதிய ரேக்கை இடுப்பளவுக்கு மேல் மாட்டுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் போர்ட்டுகளின் சி.ஆர்.சி கணக்கை அழித்து பூஜ்யமாக்கிவிட்டு வாருங்கள். மறுநாள் போய்ப் பார்க்கும்போது எந்தப் போர்ட்டில் சி.ஆர்.சி ஏறியிருக்கிறதோ அந்தக் கேபிளை மாற்றுங்கள்; போர்ட்டைத்தான் நேற்றே சோதித்தாயிற்றே.